625இல் 125 எதற்கு? ஆண்டிபயாடிக்கை முறிக்கும் கிருமி நொதிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அடுத்த வீட்டு அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிபட்ட பிறகு தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தார். சென்ற மாதம் ஒரு மாலை, கையில் இரண்டு மருந்துப் பொட்டலங்களுடன் என் வாசலில் வந்து நின்றார். ஒன்றில் அமோக்சிசிலின் என்ற ஆண்டிபயாடிக் காப்சூல்கள் இருந்தன. சிறுநீர் கடுத்தபோது முதலில் கொடுக்கப்பட்டவை. மூன்று நாள் சாப்பிட்டும் எரிச்சல் குறையவில்லை. மற்றொன்று, சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு வந்தபின் மாற்றிக் கொடுக்கப்பட்ட நீள்வட்ட மாத்திரைகள் வந்த உறை. உறையின் மேல் 625 என்ற எண். "தம்பி, ரெண்டுலயும் ஒரே மருந்துதான் இருக்குன்னு கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்றாங்க. ஒண்ணு கேக்கல, ஒண்ணு ரெண்டே நாள்ல கேட்டுருச்சு. பழைய மருந்து என் ஒடம்புக்குப் பழகிப்போச்சா?" என்று கேட்டார்.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ப்புத் தட்டுகளோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. 'உடம்புக்குப் பழகிவிட்டது' என்பார்கள். 'கிருமிக்குத் தெம்பு கூடிவிட்டது' என்பார்கள். படித்தவர்கள் 'கிருமி கற்றுக்கொண்டுவிட்டது' என்பார்கள். மூன்றுமே நடப்பதைச் சொல்லவில்லை. உண்மையில் நடப்பது ஒரு சிறிய வேதிவினை. அதைப் புரிந்துகொள்ள வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆட்டிறைச்சி சமைத்திருந்தால், பந்தல் கட்டுவதைப் பார்த்திருந்தால், பலாப்பழம் அறுத்திருந்தால் போதும்.

பழகுவது எது?

உடம்புக்குப் பழகும் மருந்துகள் இருக்கின்றன. தூக்க மாத்திரை அப்படிப்பட்டது. நாள் செல்லச் செல்ல அதே அளவுக்குத் தூக்கம் வருவதில்லை, ஏனெனில் அந்த மருந்து வேலை செய்யும் இடம் நம் மூளையிலேயே இருக்கிறது. ஆண்டிபயாடிக் அப்படியன்று. பாக்டீரியா என்ற ஓரணு உயிரியைக் கொல்லும் அல்லது அதன் பெருக்கத்தை நிறுத்தும் மருந்துக்கே ஆண்டிபயாடிக் என்று பெயர். அது வேலை செய்யும் இடம் பாக்டீரியாவுக்குள் இருக்கிறது. நம் உடம்பு அது கடந்துபோகும் வழி மட்டுமே. ஆகவே மருந்து கேட்காமல் போனால் மாற்றத்தைத் தேட வேண்டிய இடமும் பாக்டீரியாதான். வாழ்நாளில் ஒரு ஆண்டிபயாடிக் மாத்திரைகூடச் சாப்பிடாத ஒருவருக்கு, மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா இன்னொருவரிடமிருந்து தொற்றினால், அவருக்கும் அந்த மருந்து முதல் நாளிலிருந்தே கேட்காது.

அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று நம் வீடுகளில் சொல்லி, மருந்து சாப்பிடும் நாட்களில் அதைச் சமைக்காமல் விடுவார்கள். அகத்திக்கீரையைப் பற்றிய தீர்ப்பைச் சித்த வைத்தியர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் 'மருந்து முறிதல்' என்ற சொல் எனக்கு இங்கே மிகவும் வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டு அம்மாவின் சிறுநீரில் இருந்த பாக்டீரியா அமோக்சிசிலினை முறித்தது என்று சொன்னால், அது உவமையன்று. மருந்து மூலக்கூறின் ஒரு பிணைப்பு அங்கே உண்மையாகவே முறிக்கப்பட்டது.

நொதி: பப்பாளிக்காய் செய்யும் வேலை

தீபாவளிக்கு முன்னிரவு, முற்றிய ஆட்டிறைச்சியில் பப்பாளிக்காயை அரைத்துத் தடவி வைப்பது நம்மவர்களின் பழைய பழக்கம். ஒரு மணி நேரம் வைத்தால் கறி மெத்தென்று வேகும். மறந்துபோய் விடியும்வரை வைத்தால் மேற்பரப்பு கூழாகிவிடும். பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்ற பொருள் இறைச்சியின் புரத இழைகளை வெட்டிவிடுகிறது. அந்த இழைகளைச் சமையலறையில் வேறு வழியில் அவ்வளவு வெட்ட வேண்டுமானால் வலுவான அமிலத்தில் நெடுநேரம் கொதிக்கவைக்க வேண்டும். பப்பைனோ அறை வெப்பத்திலேயே செய்துமுடிக்கிறது.

உயிரினங்கள் உண்டாக்கும் இத்தகைய பொருள், அதாவது ஒரு குறிப்பிட்ட வேதிவினையை மிகவும் விரைவுபடுத்திவிட்டுத் தான் தீர்ந்துபோகாமல் நிற்கும் புரதம், நொதி எனப்படும். நொதி ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள். அந்தச் சங்கிலி மடிந்து சுருண்டு ஓர் உருவம் பெறும்போது ஓரிடத்தில் சிறு குழி அமைகிறது. வினை நடப்பது அந்தக் குழியில்தான். அதைச் செயல்மையம் என்பார்கள். பப்பாளியை நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டுத் தடவினால் கறி மெத்தென்று ஆகாது, ஏனெனில் சூட்டில் சங்கிலி அவிழ்ந்து குழியின் வடிவம் கெட்டுவிடுகிறது.

இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: நொதி செலவாவதில்லை. ஒரு மூலக்கூறை வெட்டியதும் அடுத்ததற்குத் தயாராகிவிடும். கத்தி தேயாத கசாப்புக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பந்தலும் முடிச்சும்

பாக்டீரியாவுக்குள் உப்பும் சர்க்கரையும் புரதமும் செறிந்திருப்பதால் வெளியிலிருந்து நீர் உள்ளே புகப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே அழுத்தம் மிகுதி. சில இனங்களில் அது கார் டயரின் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு. வெடித்துவிடாமல் அதைப் பிடித்து நிற்பது செல்சுவர். நம் உடம்பின் செல்களுக்கு இப்படிப்பட்ட சுவர் கிடையாது. அமோக்சிசிலினின் மூத்த உறவான பெனிசிலின் நம்மை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்குவதற்குக் காரணம் இதுவே.

அந்தச் சுவரைக் கல்யாணப் பந்தலைப் போல நினைத்துப் பாருங்கள். நீளநீளமான மூங்கில்களை வரிசையாக வைத்தால் மட்டும் பந்தல் நிற்காது. மூங்கிலுக்கு மூங்கில் கயிறு போட்டு முடிச்சு இறுக்க வேண்டும். செல்சுவரில் மூங்கிலின் இடத்தில் இருப்பவை சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றிலிருந்து தொங்கும் கயிறுகள் நான்கைந்து அமினோ அமிலங்களால் ஆன சிறு வால்கள். ஒரு வாலை அடுத்த சங்கிலியின் வாலோடு கட்டுவதற்கென்று பாக்டீரியா ஒரு நொதி வைத்திருக்கிறது. அறிவியலார் அதைப் பெனிசிலின் பிணைப்புப் புரதம் என்கிறார்கள். கொல்லவரும் மருந்தின் பெயரையே பலியாகும் நொதிக்குச் சூட்டிய விநோதம் அது. நான் அதை முடிச்சு நொதி என்றே அழைக்கிறேன்.

முடிச்சு விழும் விதம் முக்கியம். ஒவ்வொரு வாலின் நுனியிலும் அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு, அடுத்தடுத்து இருக்கும். முடிச்சு நொதியின் செயல்மையத்தில் செரின் என்ற அமினோ அமிலம் ஒன்று கைபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கை வாலின் நுனியைப் பற்றுகிறது. பற்றும்போது கடைசி அலனின் கழன்று விழுகிறது. ஒரு கணம் வால் நொதியின் கையோடு வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. பிறகு அடுத்த சங்கிலியின் வால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, முடிச்சு விழுந்து, கை விடுபடுகிறது. பற்றுதல், ஒட்டியிருத்தல், விடுதல் என்ற மூன்று அசைவுகள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாமே மூன்றாவது அசைவைப் பற்றியதுதான்.

பலாப்பிசினில் மாட்டிய கை

லண்டனில் 1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு பூஞ்சையிலிருந்து கசிவதைக் கண்டறிந்த பெனிசிலினின் நடுவில் நான்கே அணுக்களால் ஆன ஒரு வளையம் இருக்கிறது: மூன்று கரி அணுக்கள், ஒரு நைட்ரஜன் அணு. இதற்குப் பீட்டா-லாக்டம் வளையம் என்று பெயர். அது அப்படித்தான் இருக்கிறது என்பதை 1945இல் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு டோரதி ஹாட்ஜ்கின் உறுதிசெய்தார். அமோக்சிசிலின், ஆம்பிசிலின், செஃபலோஸ்போரின் வகைகள், கார்பபெனம் வகைகள் ஆகிய எல்லாமே இந்த வளையம் கொண்ட உறவுக்காரர்கள்.

வளையத்தின் வலிமை அதன் இறுக்கத்தில் இருக்கிறது. கரி அணுவின் பிணைப்புகள் இயல்பாக விரும்பும் கோணம் ஏறத்தாழ 109 பாகைக்கும் 120 பாகைக்கும் இடைப்பட்டது. நான்கணு வளையத்தில் அவை 90 பாகையை ஒட்டி மடக்கிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. வளைத்துக் கட்டிய பச்சை மூங்கிலைப் போல, யாராவது தொட்டால் போதும், பட்டென்று விரிந்துவிடும். இதோடு, இந்த மூலக்கூறின் தோற்றம் வாலின் நுனியிலுள்ள இரட்டை அலனினை ஒத்திருக்கிறது என்பதை 1965இல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் எடுத்துக்காட்டினார்கள்.

ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. முடிச்சு நொதி, வால்நுனி வந்துவிட்டது என்று எண்ணிப் பெனிசிலினைப் பற்றுகிறது. பற்றியவுடன் வளையம் விரிந்து செரினோடு ஒட்டிக்கொள்கிறது. வால்நுனியைப் பற்றினால் ஒரு துண்டு கழன்று விழுந்து அடுத்த வால் வர இடம் கிடைக்கும். பெனிசிலினில் எதுவும் கழன்று விழுவதில்லை, வளையம் திறந்தும் மூலக்கூறு ஒரே துண்டாக வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது அசைவு நிகழ்வதில்லை. எண்ணெய் தடவாமல் பலாப்பழத்தை அறுத்தவரின் கை மாதிரி, பிசினில் மாட்டிய கை இனி வேறெதையும் எடுக்க உதவாது. முடிச்சு விழாத பந்தல் வளர வளரத் தளர்ந்து, உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துச் சாகிறது.

இதுவரை வந்ததைத் திரட்டிக்கொள்வோம். பாக்டீரியாவின் சுவருக்கு முடிச்சுப் போடும் நொதி ஒன்று உண்டு. அது பற்றும், ஒட்டும், விடும். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் வால்நுனியைப் போல வேடமிட்டு வந்து, விடும் அசைவைத் தடுத்துவிடுகின்றன.

எண்ணெய் தடவிய கை

இப்போது மருந்தை முறிக்கும் நொதிக்கு வருவோம். அதன் பெயர் பீட்டா-லாக்டமேஸ். பெயரின் முற்பகுதி வளையத்தைக் குறிக்கிறது. 'ஏஸ்' என்ற இறுதி நொதிகளுக்கு வைக்கப்படும் வழக்கமான வால்.

இதைக் கவசம் என்றும் கேடயம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொற்கள் பிடிக்கவில்லை. கவசம் அடியைத் தாங்கும். இந்த நொதியோ மருந்தை ஆசையோடு பற்றிக்கொள்கிறது. இதன் செயல்மையத்திலும் ஒரு செரின் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதே விதமாக வளையத்தைத் தொடுகிறது. அதே விதமாக வளையம் விரிந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் இரண்டு அசைவுகளில் பலியாகும் முடிச்சு நொதிக்கும் இதற்கும் வேறுபாடு சொல்வது கடினம். இரண்டின் உருவ அமைப்பும் நெருங்கி ஒத்துப்போவதால், பழைய முடிச்சு நொதி ஒன்றின் வழித்தோன்றலே இது என்று கருதப்படுகிறது.

வேறுபாடு மூன்றாவது அசைவில் இருக்கிறது. இந்த நொதியின் குழிக்குள், ஒட்டிக்கொண்ட மருந்துக்கு மிக அருகில், ஒரே ஒரு நீர் மூலக்கூறு சரியான இடத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மிகவும் பரவலான வகையில், குளூட்டாமிக் அமிலம் என்ற அண்டை அமினோ அமிலம் அந்த நீரைத் தூண்டி ஒட்டின் மேல் ஏவுகிறது. நீர் ஒட்டை அறுக்கிறது. மருந்து கழன்று வெளியேறுகிறது. கை சுத்தமாக விடுபடுகிறது. நீரைக் கொண்டு ஒரு பிணைப்பை அறுக்கும் இந்த வினைக்கு நீராற்பகுப்பு என்று பெயர்.

பலாப்பழம் அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டவர்தாம் இந்த நொதி. ஆனால் உவமை இங்கே ஒரு படி குறைகிறது. எண்ணெய் பிசினைக் கெடுப்பதில்லை. இங்கோ வெளியேறும் மருந்தின் வளையம் ஏற்கெனவே திறந்துவிட்டது, திரும்ப மூடாது. விரிந்துபோன மூங்கில் இனி எந்த முடிச்சு நொதியையும் ஏமாற்றாது. அம்மருந்து நம் உடம்பில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். டெம்-1 என்பது இந்தக் குடும்பத்தில் மிக நன்றாக ஆராயப்பட்ட நொதி. 1960களில் ஏதென்ஸ் நகரில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த பாக்டீரியாவில் அறியப்பட்டு, அவர் பெயரின் எழுத்துகளால் அழைக்கப்படுகிறது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரம் அளவில் பெனிசிலின் மூலக்கூறுகளை முறிக்கக்கூடியது. அத்தகைய நொதிகளைப் பாக்டீரியா ஆயிரக்கணக்கில் உண்டாக்கி, தன் இரண்டு சவ்வுகளுக்கு இடையிலுள்ள வெளியில், வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் காவலுக்கு நிறுத்துவதுபோல நிறுத்துகிறது. சுவர்க்கட்டுமானம் நடப்பதும் அதே வெளியில்தான். 'பவர் கூடிய' காப்சூலாகக் கொடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது: செலவாகாத கத்தியின் முன் அளவைக் கூட்டுவது பெரும்பாலும் பயன் தராது.

தட்டில் தெரிவது

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடப்பவை என்றாலும் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் நோயாளியின் பாக்டீரியாவை, வைக்கோல் நிறத்து அகார்க் கூழ் ஊற்றிய வட்டத் தட்டின் மேல் பரப்பி, பட்டன் அளவான காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். இரவு முழுவதும் 35 பாகை வெப்பத்தில் வைத்துக் காலையில் எடுத்தால், தட்டு முழுவதும் சாம்பல் வெள்ளையாகப் பாக்டீரியா படர்ந்திருக்கும். மருந்து கேட்கும் வில்லைகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் இருக்கும். அடுத்த வீட்டு அம்மாவின் தட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு மாத்திரை மாற்றப்பட்ட விதத்திலிருந்து அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல முடியும். அமோக்சிசிலின் வகை வில்லையின் விளிம்புவரை பாக்டீரியா ஏறி நின்றிருக்கும்; புது மாத்திரையில் துணையாகச் சேர்ந்திருக்கும் கிளாவுலானிக் அமிலமும் கலந்த வில்லையைச் சுற்றித் தெளிவட்டம் விழுந்திருக்கும்.

இன்னொரு சோதனை இதைவிட அழகானது. நைட்ரோசெஃபின் என்பது பீட்டா-லாக்டம் வளையம் கொண்ட ஒரு மஞ்சள் பொருள். வளையம் திறந்தால் சிவப்பாகிவிடும். பாக்டீரியாத் திட்டின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், முறிக்கும் நொதி இருக்குமிடத்தில் மஞ்சள் சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் நிறம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி அலுக்காது.

மூன்றாவதாக ஒரு காட்சி. ஆம்பிசிலின் கலந்த தட்டில், எதிர்ப்புள்ள பாக்டீரியா வளர்ந்து உருவான ஒரு பெரிய திட்டைச் சுற்றிச் சில நாட்களில் கடுகுபோலச் சிறுசிறு திட்டுகள் முளைக்கும். அவற்றை எடுத்து வேறொரு புதிய ஆம்பிசிலின் தட்டில் வைத்தால் வளராது. அவற்றிடம் நொதியே இல்லை. நடுவிலிருக்கும் பெரிய திட்டிலிருந்து கசிந்த நொதி சுற்றுப்புறத்து மருந்தை முறித்துவிட்டதால், எதிர்ப்பு இல்லாதவையும் அந்த நிழலில் பிழைத்தன. ஒருவர் தம் வீட்டுக் கொசுவுக்கு அடித்த மருந்தால் பக்கத்து வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவது போன்றது இது.

யார் கற்றுக்கொடுத்தது?

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஏப்ரகாமும் செய்னும் பெனிசிலினை முறிக்கும் நொதி ஒன்றைச் சாதாரணக் குடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்ததாக 1940 டிசம்பரில் எழுதினார்கள். அதே குழு பெனிசிலினைத் தூய்மைப்படுத்தி ஊசிவழி நோயாளிக்குச் செலுத்திப் பார்த்ததோ 1941இன் தொடக்கத்தில். மருந்துக்கு முன்னால் முறிப்பான் இருந்தது. கனடாவின் யூக்கான் பகுதியில் முப்பதாயிரம் ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணில் பீட்டா-லாக்டமேஸ் மரபணுக்கள் இருந்தன என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் ஒன்றோடொன்று பொருதும்போது இத்தகைய பொருள்களை நெடுங்காலமாக உண்டாக்கி வந்திருப்பதால், அவற்றை முறிக்கும் நொதிகளும் அதே பழமை வாய்ந்தவை.

நம் தோட்டத்து மண்ணிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்பவர்களுக்கு, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு வரும் மெலியோய்டோசிஸ் என்ற கடும் நோயின் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. அதனிடம் ஒரு பீட்டா-லாக்டமேஸ் பிறவியிலேயே இருக்கிறது. பெனிசிலினும் ஆம்பிசிலினும் அதனிடம் எடுபடுவதில்லை. அந்தக் கிருமி எந்தக் கிளினிக்கிலும் மருந்து வாங்கிச் சாப்பிட்டதில்லை.

அப்படியானால் மருந்தின் பங்கு என்ன? களையெடுப்பின் பங்கு. செம்பனைக் காட்டில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தவர்களுக்கு இது தெரியும். மலாயில் ரும்புட் சம்பாவ் எனப்படும் புல்லில் அந்த மருந்துக்கு அசையாத வகை 1990களின் பிற்பகுதியிலேயே மலேசியாவில் கண்டறியப்பட்டது. தெளிக்கத் தெளிக்கப் புல் கற்றுக்கொள்ளவில்லை. சாகக்கூடியவை செத்தன, ஏதோ ஒரு மூலையில் இருந்த சாகாத செடிக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. ஆண்டிபயாடிக் சாப்பிடும்போது நம் குடலிலும் அதுவே நடக்கிறது. சளிக்காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரையில் மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவது லயத்துக் காலத்து நல்லெண்ணம்தான். வைரஸால் வரும் சளிக்கு அது உதவுவதில்லை, குடலில் களையெடுப்பு மட்டும் நடந்துவிடுகிறது.

பாக்டீரியாவுக்குப் புல்லிடம் இல்லாத வசதி ஒன்றும் உண்டு. நொதி செய்வதற்கான குறிப்பு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டி.என்.ஏ. துண்டில் இருக்கிறது. சமையல் குறிப்பு எழுதிய தாளைப் படியெடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதுபோல, ஒரு பாக்டீரியா பிளாஸ்மிட்டின் படியை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடும். இனம் வேறாக இருந்தாலும் கொடுக்கும். ஒரே தாளில் நான்கைந்து மருந்துகளுக்கான குறிப்புகள் சேர்ந்திருப்பதும் உண்டு. ஜப்பானில் 1950களில் சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளுக்கு ஒருசேர அசையாமல் போனதை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கைமாற்றம் வெளிச்சத்துக்கு வந்தது.

ஆக, நொதி பழமையானது. அதன் குறிப்பு கைமாறக்கூடியது. மருந்து அதைப் படைப்பதில்லை, அதை வைத்திருப்பவற்றுக்கு இடம் ஒழித்துத் தருகிறது.

எல்லா எதிர்ப்பும் முறிப்பு அன்று

இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். ஜென்டாமைசின் போன்ற மருந்துகளுக்கு எதிரான நொதிகள் அவற்றை வெட்டுவதில்லை; மருந்தின் மேல் ஒரு சிறு வேதித் துண்டை ஒட்டிவிடுகின்றன, சாவியின் பல்லில் மெழுகு அப்பியதுபோல அது பூட்டுக்குள் நுழையாது. குளோராம்ஃபெனிகாலுக்கும் அதே கதி. வேறு சில பாக்டீரியாக்கள் மருந்தை வெளியே இறைத்துவிடும் குழாய்களை வைத்திருக்கின்றன. மெத்திசிலின் என்ற பெனிசிலின் வகைக்கு அசையாத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா, 1961இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது, பெனிசிலின் எளிதில் ஒட்டாத வேறொரு முடிச்சு நொதியைப் பெற்றிருக்கிறது. அதைப் பீட்டா-லாக்டமேஸ் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு.

125 மில்லிகிராம்

இனி அம்மாவின் மாத்திரை. அதில் 500 மில்லிகிராம் அமோக்சிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலம், கூட்டினால் 625. காப்சூலிலும் மாத்திரையிலும் ஒரே மருந்து என்று மிஸ்ஸி சொன்னது முக்கால் பங்கு சரி. மிச்சத்தில்தான் சங்கதி இருக்கிறது.

கிளாவுலானிக் அமிலம் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து 1970களில் பிரிட்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. அமோக்சிசிலினோடு சேர்த்து 1981இல் விற்பனைக்கு வந்தது. அதற்கும் பீட்டா-லாக்டம் வளையம் உண்டு; ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமியைக் கொல்லும் திறன் மிகக் குறைவு. அதன் வேலை வேறு. முறிக்கும் நொதி அதையும் மருந்து என்று எண்ணிப் பற்றுகிறது. ஒட்டியதும் அது உள்ளுக்குள் வடிவம் மாறி, நீர் மூலக்கூறால் அறுக்க முடியாத ஒட்டாகிவிடுகிறது. எண்ணெய் தடவிய கையிலும் ஒட்டும் பிசின் அது. பிறரை மாட்டவைத்த அதே தந்திரத்தில் முறிப்பானும் மாட்டிக்கொள்ள, காவல் இல்லாத வெளியில் அமோக்சிசிலின் சென்று முடிச்சு நொதியைப் பிடிக்கிறது. அம்மாவின் உடம்பு இரண்டு வேளையிலும் ஒன்றேதான். இரண்டாம் முறை கிருமியின் கை கட்டப்பட்டிருந்தது.

எல்லாருக்கும் 625ஐயே கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். கிருமியிடம் முறிப்பான் இல்லாதபோது அந்த 125 வீண். வயிற்றுப்போக்கு மட்டும் கூடுதலாக வரும். முறிப்பான் வேறு வகையாக இருந்தாலும் வீண். டெம்-1 சங்கிலியில் சுமார் 260 அமினோ அமிலங்கள். அவற்றில் ஒன்றிரண்டு மாறினாலே குழி சற்று அகன்று, செஃபோடாக்சிம் போன்ற பெரிய மருந்துகளையும் விழுங்கத் தொடங்குகிறது. இவற்றை விரிவெல்லைப் பீட்டா-லாக்டமேஸ் என்பார்கள். மருத்துவமனை அறிக்கைகளில் ஈ.எஸ்.பி.எல். என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள், அது இதுவே. இந்த வகையைப் பெரும்பாலும் கிளாவுலானிக் அமிலம் ஆய்வுத் தட்டில் இன்னும் கட்டிப்போடுகிறது. ஆனால் நோயாளியின் உடம்பில் மருத்துவர்கள் அதை மட்டும் நம்பிக் கடுமையான தொற்றுக்கு இறங்குவதில்லை.

இன்னொரு குடும்பம் முற்றிலும் வேறு. அதன் குழியில் செரின் கையே கிடையாது. அதற்குப் பதிலாகத் துத்தநாக அணுக்கள் நீரைப் பிடித்து நேரடியாக வளையத்தின் மேல் ஏவுகின்றன. மருந்து நொதியோடு ஒட்டும் கட்டமே அங்கு வராது. ஒட்டாத இடத்தில் பிசினுக்கு என்ன வேலை? 2009இல் விவரிக்கப்பட்ட என்.டி.எம்.-1 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடைசித் துணையாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையும் அது முறிக்கிறது. கிளாவுலானிக் அமிலமும், அதன் பின் வந்த அவிபாக்டம் என்ற தடுப்பானும் அதைத் தொடுவதில்லை. நொதியின் பெயரைக் கேட்டவுடன் ஆய்வுக்கூடத்தார் முதலில் 'செரினா, துத்தநாகமா' என்று கேட்பது இதனால்தான்.

மைலோ டின்

இவ்வளவையும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, பலாப்பழத்தை வைத்தே அம்மாவுக்குச் சொல்லி முடித்தேன். "அப்போ தண்ணிதான் மருந்த கெடுக்குதா?" என்று கேட்டார். சரியான கேள்வி. நொதி இல்லாமலும் நீர் அந்த வளையத்தைத் திறக்கும். ஆனால் மெல்ல, நாட்கணக்கில். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அமோக்சிசிலின் மருந்தைத் தூளாகவே கொடுத்து, நீர் கலந்த பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிக்கச் சொல்வதும், கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த கலவையைக் குளிர்பெட்டியில் வைத்து ஏழு நாளில் மிச்சத்தைக் கொட்டச் சொல்வதும் அதற்காகவே. புட்டியில் ஒரு வாரம் எடுக்கும் அதே வினையைத்தான் நொதி ஒரு நொடியில் ஆயிரம் தடவை செய்கிறது. கிளாவுலானிக் அமிலம் ஈரத்துக்கு அமோக்சிசிலினைவிடவும் எளிதில் கெடும். 625 மாத்திரையை அலுமினியத் தாளுக்குள் அடைத்து விற்பது அழகுக்காக அன்று.

அவர் எழுந்து தம் வீட்டுக்குள் போய், சமையலறை ஜன்னலோரம் இருந்த மைலோ டின்னை எடுத்து வந்து மூடியைத் திறந்து காட்டினார். எடுத்துப் போட வசதியாக இருக்கட்டும் என்று, மீதமிருந்த ஆறு மாத்திரைகளையும் தாளிலிருந்து முதல் நாளே பிரித்து அதில் போட்டு வைத்திருந்தார். அடியில் இரண்டின் ஓரம் ஏற்கெனவே பழுப்பேறத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலை அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், வேறு ஆறு மாத்திரைகள் கேட்டு வாங்கி வந்தோம்.